ரெண்டே வருஷம் – கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

போன வாரம் எழுதினதுல போறபோக்குல ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்னு ஒரு அமெரிக்க பங்க் பேண்ட் பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டீங்க. தேடிப் பிடிச்சு கேட்டேன். முதல் தடவை ஒண்ணும் புரியல, ரெக்கார்டிங்கே ஏதோ பாத்ரூமுக்குள்ள வாசிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை கேக்கறப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாடுறவர் கோவத்துல கத்துறாரா இல்ல அழுறாரா? 1984ல ஆரம்பிச்சு 86லயே முடிஞ்சு போச்சாம், ஒரே ஒரு ஆல்பம். இவங்கதான் எமோங்கற இசை வகைக்கே அப்பான்னு வேற சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச எமோ காலேஜ்ல ஒரு கண்ணை முடியால மறைச்சு, இன்னொரு கண்ணுக்கு மை போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பசங்கதான். பெருசா வந்திருக்க வேண்டியவங்க ஏன் கலைச்சாங்க, சண்டையா, காசா? வேஸ்ட் ஆயிடுச்சேன்னு இருக்கு.

(பேர் போட வேண்டாம்ணே), கோவை

தம்பி,

வேஸ்ட்னு நானும் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தவன்தான், அதனால உங்க மேல கோவமில்ல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கோவமா அழுகையாங்கற கேள்வி. அதுக்கு அவங்க ஊரு வாஷிங்டன் டிசி அப்ப எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். நாம டிவில பாக்கற வெள்ளை மாளிகை வாஷிங்டன் இல்ல, அதே ஊர்ல ஸ்கூல் முடிச்சும் முடிக்காத பசங்க அவங்களா உருவாக்கி வச்சிருந்த ஹார்ட்கோர் பங்க் உலகம், அதாவது படுவேகமா கத்திப் பாடற ராக். இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் இன்னும் ஒருத்தரும் சேர்ந்து 1980ல தங்களோட பேண்ட் பாட்டை தாங்களே வெளியிட டிஸ்கார்டுன்னு ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. அக்ரிமெண்ட் காகிதம் எதுவும் கிடையாது, செலவு போக வர்ற லாபத்துல பாதி லேபிளுக்கு பாதி பேண்டுக்கு, அவ்வளவுதான். மெக்கேயும் நெல்சனும் அப்புறம் ஆரம்பிச்ச மைனர் த்ரெட் பேண்ட்தான் அந்த ஊருக்கே அடையாளமா ஆச்சு. பாட்டெல்லாம் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சுடும்.

1983ல மைனர் த்ரெட் கலைஞ்சுடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கூட்டம் மாறிப்போச்சு. மேடைக்கு முன்னாடி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து குதிக்கறதுன்னு ஜாலியா ஆரம்பிச்சது கடைசில அடிதடி ஆகி, மொட்டைத் தலை ஸ்கின்ஹெட் கும்பல் சண்டைக்குன்னே டிக்கெட் வாங்கிட்டு வர்ற நிலைமை. பொண்ணுங்க பின்னாடி சுவரோரமா ஒதுங்கிட்டாங்க, ஆரம்பிச்சு வச்ச ஆளுங்களே ஷோவுக்குப் போறதை விட்டுட்டாங்க. நம்ம வீட்டு விசேஷத்துலயே நமக்கு உக்கார இடமில்லாம போன மாதிரி.

இந்த நேரத்துலதான் நம்ம ஆளுங்க வர்றாங்க. கை பிச்சியோட்டோ பாட்டும் கிட்டாரும், எடி ஜேனி இன்னொரு கிட்டார், மைக் ஃபெலோஸ் பேஸ், பிரெண்டன் கேண்டி ட்ரம்ஸ். ஜேனி மட்டும் ஏற்கெனவே ஃபெய்த்ங்கற பேண்ட்ல வாசிச்சு கொஞ்சம் பேர் வாங்கினவர் (அதுல பாடினது மெக்கேயோட தம்பி, சின்ன ஊர்னா இப்படித்தான், எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது உறவு). மத்த மூணு பேரும் இன்சரக்ஷன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அது சொல்லிக்கற மாதிரி எதுவும் ஆகல. ஆல்பம் ரெக்கார்ட் பண்றப்ப பிச்சியோட்டோவுக்கு 19 வயசு, கேண்டிக்கு 18.

இவங்க பண்ணது என்னன்னா, ஹார்ட்கோரோட வேகத்தையும் கத்தலையும் அப்படியே வச்சுக்கிட்டு அது யாரை நோக்கிங்கறதை மட்டும் திருப்பிட்டாங்க. அதுவரைக்கும் கத்தினதெல்லாம் போலீஸ், அப்ப அதிபரா இருந்த ரீகன், ஸ்கூல்ல வம்பு பண்றவன்னு வெளியில இருக்கறவனைப் பாத்து. பிச்சியோட்டோ கத்தறது தனக்குள்ள பாத்து, போன வருஷம் என்ன ஆச்சு, நான் ஏன் அதை நழுவ விட்டேன்னு. அதனால உங்களுக்கு ரெண்டும் கலந்து கேக்குது, நீங்க தப்பா ஒண்ணும் கேக்கல. அந்த மொரட்டுக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு பையன் நின்னு அழுதுடுவேன் போலன்னு பாடறதுக்கு அடிக்கறதை விட ஜாஸ்தி தைரியம் வேணும்னு எனக்குத் தோணும். இசையும் மாறுச்சு. ரெண்டு கிட்டாரும் ஒரே கட்டையை அடிக்காம ஒண்ணு ஒரு பக்கமும் இன்னொண்ணு வேற பக்கமும் இழுக்கும், பேஸ் தனியா ஒரு ட்யூன் பாடிக்கிட்டிருக்கும், பாட்டு நடுவுல தணிஞ்சு திரும்ப எழும்பும். போஸ்ட் ஹார்ட்கோர்னு சொல்றாங்களே, பெரிய வார்த்தையா இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

உங்க பாத்ரூம் கம்ப்ளெயிண்ட். பாத்ரூம் இல்ல, அண்டர்கிரவுண்ட் ரூம். டான் ஸியண்டாராங்கறவர் ஆர்லிங்டன்ல தன் வீட்டுக்கு அடியில வச்சிருந்த இன்னர் இயர் ஸ்டூடியோ. டிசி பங்க் வரலாற்றுல பாதி அந்த வீட்டுக்கு அடியில பதிவானதுதான். 1985 பிப்ரவரில ரெக்கார்டிங், மெக்கே கூட இருந்து தயாரிச்சார், அந்த வருஷமே எல்பி வந்துடுச்சு, 12 பாட்டு.

நான் இதை முதல்ல கேட்டது ஒரு ஃப்ரெண்டோட ஹார்ட் டிஸ்க்ல இருந்து காப்பி பண்ண எம்பி3ல. ட்ராக் நம்பர் எல்லாம் போயி, பாட்டெல்லாம் ஆங்கில எழுத்து வரிசையில நின்னுச்சு. கடைசியா வர வேண்டிய எண்ட் ஆன் எண்ட் நடுவுல எங்கேயோ வந்துடும். ஏழு நிமிஷத்துக்கு மேல போற பாட்டு, அந்த மூணே மூணு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி தொண்டை கிழிஞ்சு கடைசில குரலே வேற ஆளு குரல் மாதிரி ஆயிடும். அது முடிஞ்ச உடனே ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த பாட்டு தடதடன்னு ஓடும், எனக்கு எரிச்சலா வரும், ஏண்டா இதை இங்க கொண்டு வந்து வச்சாங்கன்னு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சரியான வரிசையில கேட்டேன். அதுக்கப்புறம் எதுவும் இல்ல. அமைதி. அப்பத்தான் உறைச்சுச்சு.

85 கோடைக்கு ரெவல்யூஷன் சம்மர்னு பேர். பேரு பெருசு, ஆரம்பிச்சது மொட்டைக் கடுதாசில. ஏமி பிக்கரிங்னு அந்த வட்டாரத்துல ஒரு பொண்ணு, தயாரா இருங்க புரட்சிக் கோடை வருதுன்னு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பேர் போடாம தபால் அனுப்பிவிட்டாங்க. ஒதுங்கிக்கிட்டவங்க எல்லாம் திரும்ப பேண்ட் ஆரம்பிச்சாங்க, மெக்கேயோட எம்ப்ரேஸ் உட்பட. தென்னாப்பிரிக்கா தூதரகம் வாசல்ல நிறவெறிக்கு எதிரா ட்ரம்மு, பக்கெட்டுன்னு கிடைச்சதை எல்லாம் தட்டிக்கிட்டு போராட்டம் பண்ணாங்க. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் ஷோவுல மேடையில பூ கிடக்குமாம், முடியறப்ப கிட்டார் உடைஞ்சு கிடக்குமாம். மொத்தமா இருபது ஷோ கூட பண்ணல, அதுவும் பெரும்பாலும் உள்ளூர்லயே. தன் கிட்டாரைத் தானே உடைக்கற பையன் கிட்ட அடுத்த கிட்டாருக்கு காசு எங்கிருந்து வரும்? நாப்பது ஊர் டூர் அடிக்கற பேண்ட் இந்த மாதிரி வாசிக்கவே முடியாது, மூணாவது ஊர்லயே எல்லாரையும் ஆஸ்பத்திரியில சேக்கணும்.

86 ஜனவரில நாலு பாட்டு ரெக்கார்ட் பண்ணாங்க, அதே மாசம் கதை முடிஞ்சுது. அந்த நாலு பாட்டு இபியா, அதாவது சின்ன ரெக்கார்டா வந்ததே 87ல, பேண்டே இல்லாதப்ப.

இப்ப வேஸ்டுக்கு வர்றேன். கலைஞ்ச கையோட ஃபெலோஸ் தவிர மத்த மூணு பேரும் ஃபெய்த்ல இருந்த மைக்கேல் ஹாம்ப்டனைச் சேத்துக்கிட்டு ஒன் லாஸ்ட் விஷ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒரு ஆல்பம் அளவுக்கு ரெக்கார்ட் பண்ணிட்டு வெளியிடாமலேயே சீக்கிரமே கலைச்சாச்சு. அது வெளிய வந்தது 1999ல. அப்புறம் 87ல பாருங்க, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்ல இருந்த அதே நாலு பேரும், ஒரு ஆள் கூட மாறாம, ஹேப்பி கோ லிக்கின்னு புதுப் பேர்ல வந்து நிக்கறாங்க. பழைய பாட்டு ஒண்ணு கூட வாசிக்கல, மேடையிலயே இட்டுக்கட்டி வாசிக்கற டைப்பு. இதைப் படிச்சப்பதான் நான் நினைச்சிருந்தது கவுந்துச்சு. ஜென்ம விரோதம்னா அதே நாலு பேர் ஏன் திரும்ப ஒரே ரூம்ல உக்காரணும்? விக்கக்கூடிய பேரு கையில இருக்கு, அதைத் தூக்கிப் போட்டுட்டு பூஜ்யத்துல இருந்து வர்றாங்க. கம்பெனி கணக்குல பாத்தா பைத்தியக்காரத்தனம். அவங்க அதைக் கம்பெனியா பாக்கல, அந்தந்த வருஷத்துக்கு ஒரு பேண்டுன்னு இருந்திருக்காங்க.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், கேண்டியும் பிச்சியோட்டோவும் ஃபுகாஸிங்கற பேண்ட்ல மெக்கேயோட சேர்ந்தாங்க, அது 2003 வரைக்கும் ஓடுச்சு. பிச்சியோட்டோ ஆரம்பத்துல அதுல கிட்டாரே வாசிக்கல, வெறும் பாட்டும் ஆட்டமும்தான். பிலடெல்ஃபியாவுல ஒரு ஜிம்ல பாஸ்கெட்பால் வளையத்துக்குள்ள உடம்பை நுழைச்சு தலைகீழா தொங்கிக்கிட்டே பாடுவார், வீடியோ இருக்கு, பாருங்க. உடைக்க கிட்டார் இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்.

எமோ விஷயம் ஒரு வரியில முடிச்சுக்கறேன், எனக்கே அலுப்பு. எமோஷனல் ஹார்ட்கோர்ங்கறதைச் சுருக்கி எமோகோர்னு பேர் ஒட்டினது மத்தவங்க, மெக்கே எம்ப்ரேஸ் மேடையிலேயே அதைத் திட்டித் தீர்த்தார், பிச்சியோட்டோவோ அப்படின்னா அதே ஊர் ஹார்ட்கோர் பேண்ட் பேட் பிரெய்ன்ஸ் எமோஷனலா பாடலையா, அவங்க என்ன ரோபோவான்னு கேட்டார். உங்க காலேஜ் கண்மைப் பசங்களுக்கு இவர் பொறுப்பாக மாட்டார்.

அடுத்து கேக்கணும்னா 2012ல டிஸ்கார்டு வெளியிட்ட ஆறு பாட்டு டெமோ இருக்கு, 84ல ஆரம்பிச்ச புதுசுல எடுத்தது. ஆல்பத்தை விட எனக்கு அதுல ட்ரம்ஸ் பிடிக்கும். ஹெட்போன்லயே கேளுங்க தம்பி, வீட்ல யாராவது ஓடி வந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டா நான் பொறுப்பில்ல.