நாவலுக்கு 9 லட்சம் வந்தது, வேலையை விடலாமா?

கேள்வி: சார், பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 38, ஐடி வேலை, வாடகையோடு மாதச் செலவு 55,000. நான் தமிழில் எழுதிய நாவல் ஆங்கிலத்தில் வந்து நல்ல பேர் வாங்கியிருக்கிறது. முன்பணம், ராயல்டி என்று இந்த வருடம் 9 லட்சம் கிடைத்தது. ஒரு படக் கம்பெனி எல்லா உரிமையையும் சேர்த்து 6 லட்சத்துக்குக் கேட்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா?

பதில்: வாழ்த்துகள், ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். 9 லட்சம் 16 மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நீங்கள் 30 சதவீத வரி கட்டுபவர் என்றால் வரிக்கே சுமார் 2.8 லட்சம் போகும், பதிப்பாளர் முன்கூட்டியே வரியாகப் பிடித்த 10 சதவீதம் அதற்குப் போதாது. மிச்சம் 11 மாதத்துக்குத்தான் வரும். அதற்குள் அடுத்த நாவல் முடியுமா? 1997-ல் புக்கர் வாங்கிய அருந்ததி ராயின் அடுத்த நாவல் 2017-ல்தான் வந்தது.

ஆங்கிலப் பதிப்பின் முன்பணம் வரப்போகிற ராயல்டியில் கழியும், கழிந்து முடியும்வரை அடுத்த காசு வராது. தமிழ்ப் பதிப்பில் 300 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய், ஆயிரம் பிரதி விற்றால் 30,000, உங்கள் வீட்டுக்கு அரை மாதச் செலவு. சுஜாதா எத்தனை புகழோடு இருந்தார், அவரும் இதே ஊரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் எழுதிக் குவித்தார்.

வரிப் பணத்தை இன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், மீதி வைப்பு நிதியில் இருக்கட்டும். எழுத்தாளர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு உண்டு, ஆனால் பழைய வரித் திட்டத்தில்தான். அதற்குப் பதிப்பாளரிடம் படிவத்தில் சான்று வாங்க வேண்டும், உங்கள் சம்பளத்துக்கு எந்தத் திட்டம் லாபம் என்று இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் அந்த 6 லட்சம். எனக்குக் கவலை இதில்தான். காப்புரிமை உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு இன்னும் 60 வருடம் நிற்கும், உங்கள் பிள்ளைகள் வரை சோறு போடக்கூடிய சொத்து அது. 'எல்லா உரிமையும், நிரந்தரமாக' என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வெப் சீரிஸ், ஒலிப்புத்தகம், இந்தி, கன்னட மொழிபெயர்ப்பு எதிலும் உங்களுக்குப் பைசா வராது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தைச் சட்டம் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கேட்கிறார்கள். படத்துக்கு மட்டும், ஒரு மொழிக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு என்று பிரித்துப் பேசுங்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கிறது, அவசரமாக விற்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. கையெழுத்துப் போடும் முன் காப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், அவருடைய ஃபீஸை இந்த 9 லட்சத்திலிருந்தே கொடுங்கள்.