இலையுதிர்காலத்தில் இருவராக ஓர் ஏரிக்கரையில்: கேள்வி பதில்

ஐரோப்பாவில் இளம் தம்பதியர் அமைதியாகச் சில நாள்கள் கழிப்பதற்கு ஏற்ற இடம் எது என்று பலர் கேட்டிருந்தனர். ஸ்லோவேனியாவின் ஏரிப் பகுதியில் நானும் மனைவியும் மூன்று இலையுதிர்காலங்களைக் கழித்திருக்கிறோம் என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அந்த நாட்டையே சுற்றி வரும்.

கேள்வி: திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அக்டோபரில் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பாரிஸ், ரோம், பிராக், சுவிட்சர்லாந்து ஆகியவற்றை ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறோம். அதேசமயம் நன்றாக ஓய்வும் எடுக்க வேண்டும். முடியுமா?

முடியாது. பத்து நாள்களில் நான்கு ஊர்கள் என்றால், நான்கு முறை பெட்டியைக் கட்டி, நான்கு விடுதிகளில் அறைக்காகக் காத்திருந்து, மூன்று பகல் பொழுதுகளை ரயிலிலோ விமான நிலையத்திலோ தொலைத்துவிட்டுக் களைத்துப்போய் வீடு திரும்புவீர்கள். ஓய்வுதான் முதன்மை என்றால் ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரிக்கரையில் இரண்டு இரவுகள், அங்கிருந்து 26 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போஹின் ஏரிக்கரையில் நான்கு இரவுகள், தலைநகர் லியூப்லியானாவில் இரண்டு இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளெட் ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். பேசிக்கொண்டே நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஏரி நடுவே சிறு தீவும் அதில் ஒரு தேவாலயமும், கரையோரச் செங்குத்துப் பாறையின் உச்சியில் ஒரு கோட்டையும் உள்ளன. அழகான ஊர் என்பதாலேயே கூட்டமும் உண்டு. போஹின் அப்படியல்ல, அளவில் பெரியது, மலைகளுக்கு இடையே ஒதுங்கிக் கிடப்பது, மாலையானால் ஆள் நடமாட்டம் அடங்கிவிடுவது. அதனால்தான் அங்கே இரண்டு இரவுகள் கூடுதலாகச் சொன்னேன்.

கேள்வி: இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க எந்த வாரம் சரியாக இருக்கும்?

அக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரங்களைச் சொல்வேன். போஹின் கரையிலுள்ள பீச் (beech) என்ற காட்டு மரங்கள் அப்போதுதான் பொன்னிறத்துக்கும் செம்பழுப்புக்கும் மாறுகின்றன. உயரமான மலைச்சரிவுகளில் உள்ள லார்ச் மரங்களும் அதே காலத்தில் மஞ்சளாகின்றன. ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் இலை முழுவதையும் உதிர்த்துவிடும் விசித்திரம் அது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள். அக்டோபர் நடுவில் ஆறே கால் மணி வரை வெளிச்சம் இருக்கும் அதே ஊரில், மாத இறுதியில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் விடுதிகள் சிலவும் மலையேற்றக் கம்பிவட ஊர்திகளும் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு.

கேள்வி: அந்தப் பகுதியில் மழை அதிகம் என்று படித்தேன். பயணம் வீணாகிவிடாதா?

நீங்கள் படித்தது உண்மைதான். போஹின் ஸ்லோவேனியாவில் மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. ஆயினும் இலையுதிர்காலத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வெயிலடித்தால் அது எப்படியிருக்கும் என்று பார்ப்பதைவிட, மழை பெய்தால் அங்கே என்ன செய்வோம் என்று பார்ப்பதே முறை என்பது என் கருத்து. முதல் முறை நாங்கள் சென்றபோது மூன்று நாள்கள் விடாமல் பெய்தது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் குடையோடு நடந்து, 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சவித்சா அருவிக்குச் சென்றோம்; முந்தைய நாள் மழையெல்லாம் அதில் சேர்ந்திருந்ததால், அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் மரங்களுக்கு இடையே கேட்டது. மூன்றாம் நாள் காலை மழை சற்று விட்டபோது, ஏரியின் கிழக்கு முனையில் புனித யோவான் தேவாலயத்தை ஒட்டியுள்ள கற்பாலத்தில் நின்றிருந்தோம். மூடுபனி நீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரம் எழும்பி நிற்க, அதன் கீழே கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வாத்து ஒன்று குறுக்கே போனதும் கற்கள் அத்தனையும் கலைந்து மறுபடி கூடின. அன்று எடுத்த படங்களைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறோம். ஆகவே விடுதி அறைக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்; ஏரியைப் பார்த்த சன்னல், நல்ல கணப்பு, முடிந்தால் சூடான நீச்சல் குளம் ஆகியவை இருந்தால் மழை உங்களை ஒன்றும் செய்யாது.

கேள்வி: இத்தாலியின் கோமோ ஏரியைவிட இது மேலா?

மேல் என்று சொல்லமாட்டேன். பழைய மாளிகைத் தோட்டங்களும், பெல்லாஜியோ, வரென்னா, மெனாஜியோ ஆகிய ஊர்களுக்கு இடையே படகில் போய்வருவதும் பிடிக்கும் என்றால் கோமோவுக்கே செல்லுங்கள். மிலான் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வரென்னாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் விடுதிகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கத் தொடங்கும். திராட்சைத் தோட்டங்கள்தான் வேண்டுமென்றால் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கோல்மார் நகரில் தங்கலாம். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணூறு பேர்கூட வாழாத அவ்வூரில் பகல் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. தனிமை தேடுவோருக்கு உகந்ததல்ல.

கேள்வி: எங்கள் இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். லியூப்லியானாவிலிருந்து பிளெட்டுக்கும் போஹினுக்கும் பேருந்துகள் உள்ளன. உண்மையில் கார் இல்லாதவர்களுக்குத்தான் ஒரு நல்ல அனுபவம் வாய்க்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு திரியெஸ்தே துறைமுகத்தை எட்டுவதற்காக 1906-இல் திறந்த மலைப்பாதை ரயில், பிளெட் ஏரிக்கு மேலேயுள்ள சிறு நிலையத்தில் நின்று செல்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகைப்பாதையைக் கடந்து சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி நோவா கோரித்சா நகரை அடைகிறது. முடிவதற்குச் சற்று முன் வரும் சொல்கான் பாலத்தின் நடுவளைவு 85 மீட்டர் அகலம் கொண்டது. கல்லால் கட்டிய ரயில் பால வளைவுகளில் உலகிலேயே பெரியது அதுதான். ஆறு பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஓடும். ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணநாளன்று மனைவியை பிளெட் தீவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். எந்தப் படகு நல்லது?

பிளெட்னா என்ற கூரை போட்ட மரப்படகு புகழ்பெற்றது. படகோட்டி பின்னால் நின்றபடி இரண்டு துடுப்புகளால் வலிப்பார். ஆனால் அதில் இருபது பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள். வானிலை இடம்கொடுத்தால் சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து நீங்களே வலித்துச் செல்லுங்கள். தீவில் இறங்கியதும் 99 படிகள் உள்ளன. மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டே ஏற வேண்டும், அதுவரை மணமகள் வாய் திறக்கக் கூடாது என்பது உள்ளூர் மரபு. அக்டோபரில் அந்தப் படிகளில் நனைந்த இலைகள் படிந்திருக்கும். நான் கைகோத்து நடந்தே ஏறினேன், மனைவியும் வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தார். மேலே தேவாலய மணியை அடித்து ஒரு வேண்டுதலை நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ஷ்ட்ருக்லி, காளான் சேர்த்த பக்வீட் என்ற தானியக் கஞ்சி, பரங்கிக்காய் சூப் ஆகியவை பரவலாகக் கிடைக்கும். யோத்தா என்ற புளித்த முட்டைக்கோசு சூப்பில் புகையூட்டிய இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முட்டை சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் பிளெட்டின் கிரெம்ஷ்னித்தாவை விட்டுவிடாதீர்கள். 1953-இலிருந்து அங்கே செய்யப்படும் இந்தச் சதுரக் கேக், கரண்டி பட்டவுடன் ஒரு முறை குலுங்கி நிற்கும். லியூப்லியானாத் தெருக்களில் சுட்ட கஷ்கொட்டை காகிதப் பொட்டலத்தில் கிடைக்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து செல்கிறோம். விசா பற்றிச் சொல்லுங்கள்.

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, தேவை. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: உடைகளில் எதை மறக்கக் கூடாது?

தண்ணீர் புகாத, அடிப்பகுதி வழுக்காத காலணி ஆளுக்கு ஒரு சோடி. அதை வீட்டிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டு செல்லுங்கள்.