மேடை சாக்ஸபோனுக்கு எந்த மைக்? பெங்களூர் நண்பர்களுக்குச் சில பதில்கள்

சாக்ஸபோன் வாசிக்கும் நம் ஊர் நண்பர்கள் மைக் பற்றிக் கேட்டவற்றை இங்கே மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். கச்சேரி, கல்யாணம், சர்ச் என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுகிறவன் நான். கடை வைத்திருக்கவில்லை, எந்த பிராண்டையும் விற்றுத் தீர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. (கீழே வரும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர் எல்லாம் சாக்ஸின் வகைகள்; சோப்ரானோ சின்னது, ஆல்டோ அடுத்தது, டெனர் பெரியது.)

சிவாஜிநகரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சர்ச் குழுவில் டெனர் வாசிக்கிறேன். பாடுகிறவர்களுக்கு வாங்கிய ஷூர் எஸ்.எம். 58 ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா, எஸ்.எம். 57 வாங்கணுமா?

போதும் தம்பி. இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே கேப்ஸ்யூல்தான் (சத்தத்தைப் பிடிக்கும் பாகம்). 58-இன் உருண்டைத் தலை பாடகரின் மூச்சுக்காற்றைத் தடுப்பதற்காக வைத்தது. சாக்ஸுக்கு அது தேவையில்லை, அதனால் கெடுதலும் இல்லை. மிச்சமாகும் காசில் நல்ல ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். பாதி மேடைகளில் மைக் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஸ்டாண்டுதான் பாட்டுக்கு நடுவில் மெல்லத் தலை குனிகிறது.

எதை வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். சாக்ஸின் சத்தம் முழுக்க பெல் (முனையில் விரிந்த வாய்) வழியாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு மைக்கை அதற்குள்ளேயே திணிக்கிறார்கள். அடி ஸ்வரங்களுக்கு மட்டும்தான் அது சரி. மற்றவற்றுக்கு, திறந்திருக்கும் துளைகள் வழியாகவே பெரும்பகுதி வெளியே வருகிறது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். எல்லாக் கீகளையும் (துளை மூடிகளை) மூடி அடி பி-பிளாட் ஊதுங்கள், பிறகு விரல்களை எல்லாம் எடுத்துவிட்டு நடு சி-ஷார்ப் ஊதுங்கள். இதையே ஒருமுறை பெல்லுக்கு நேரே போனை வைத்தும், இன்னொரு முறை இடது கைக் கீகளுக்கு எதிரே வைத்தும் பதிவு செய்யுங்கள். பெல் பதிவில் பி-பிளாட் இடி மாதிரி இருக்கும், சி-ஷார்ப் சோகை பிடித்துக் கிடக்கும்.

அதனால் பெல் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மைக்கின் முனை பெல்லின் மேல் விளிம்பைத் தாண்டி இடது கைக் கீகளைப் பார்த்திருக்கட்டும். சுற்றிலும் சத்தம் குறைவான மேடை என்றால் இன்னும் அரைச் சாண் தள்ளலாம்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒருவர்: கல்யாணங்களில் தவிலோடு ஆல்டோ வாசிக்கிறேன், உட்கார்ந்துதான். ஸ்டாண்ட் மைக்கில் என்னைவிடத் தவில்தான் அதிகம் விழுகிறது. கிளிப் மைக் வாங்கலாமா சார்?

உங்களுக்குக் கட்டாயம் பெல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் கிளிப்தான். சாக்ஸ் வித்வான் கத்ரி கோபால்நாத் ஆல்டோவைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் உட்கார வைத்த பிறகு, நாகஸ்வரம் இருந்த இடத்தில் சாக்ஸும் தவிலும் என்பது இந்த ஊர்க் கல்யாணங்களில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் மைக் வைக்கிறவர்கள் இன்னும் நாகஸ்வரத்துக்கு வைப்பதுபோல முன்னால் ஒரு ஸ்டாண்டை நட்டுவிட்டுப் போகிறார்கள். கமகம் பிடிக்கும்போது உடம்பு ஆடும், கூடவே சாக்ஸும் ஆடும். ஸ்டாண்ட் மைக் அங்கேயே நிற்கும். கிளிப் உங்களோடு சேர்ந்து ஆடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். தவிலிலிருந்து வருவது அப்படியே இருக்கும். கிளிப்பின் பெரிய லாபம் இதுதான்.

ஷூர் பீட்டா 98ஹெச்/சி, டி.பி.ஏ. 4099, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எம். 350 மூன்றும் இந்த வேலைக்கு ஏற்றவை. 4099 விலை அதிகம், ஆனால் மூன்றில் அதுதான் என் காதுக்குப் பிடிக்கும். எல்லாமே கண்டன்சர் வகை, மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்) வேண்டும். சின்ன மண்டபத்து மிக்ஸரில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மைக்கின் வளைகழுத்தைப் பெல்லுக்குள் மடக்காமல் எவ்வளவு நீளுமோ அவ்வளவு வெளியே இழுத்துக் கீகளின் பக்கம் திருப்புங்கள். ஆலாபனையில் கீகளின் டக் டக் சத்தம் கேட்டால் துளைகளை அடைக்கும் பேடுகளைப் பாருங்கள், தப்பு எப்போதும் மைக்கில் இருக்காது.

தவில்காரரை நேர் பக்கத்தில் உட்கார வைக்காமல் ஓரடி முன்னால் நகரச் சொல்லுங்கள். 4099 போன்ற சூப்பர் கார்டியாய்டு (முன்னாலிருந்து வருவதையே அதிகம் கேட்கும் வகை) மைக்குக்குக் காது மந்தமாக இருக்கும் இடம் நேர் பின்னால் இல்லை, பின்பக்கவாட்டில். மைக் உங்களைப் பார்த்திருப்பதால் தவில் அந்த இடத்தில் விழும். கெட்டிமேளம் அடிக்கும் நிமிடத்தில் எந்த மைக்கும் உங்களைக் காப்பாற்றாது. அப்போது ஸ்வரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவரும் யாரும் இல்லை.

கோரமங்களாவிலிருந்து ஓர் அம்மா: நேராக இருக்கும் சோப்ரானோ வாசிக்கிறேன். பெல் தரையைப் பார்க்கிறது, கிளிப் போட்டால் பாதி ஸ்வரம் காணாமல் போகிறது.

போகத்தான் செய்யும்மா. வளைந்த சாக்ஸில் பெல் மேலே திரும்பிக் கீகளுக்குப் பக்கத்தில் வருவதால் ஒரு கிளிப் இரண்டையும் பிடித்துவிடும். சோப்ரானோவில் அந்த வசதி இல்லை. ஸ்டாண்ட் மைக் ஒன்றை ஒன்றரைச் சாண் தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். மேடை நல்லதாக இருந்து, மிக்ஸரில் சேனலும் மிச்சம் இருந்தால் பெல்லுக்குத் தனியாக இன்னொன்று. நான் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திவிடுவேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர்: 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கிளிப் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வீட்டுக்கும் சின்ன நிகழ்ச்சிக்கும் சரி. வைஃபையும் புளூடூத்தும் ஓடுவது அதே அலைவரிசையில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒவ்வொருவர் பையிலும் இரண்டு போன் இருக்கும். காலி ஹாலில் சோதித்தபோது ஒழுங்காக இருந்தது கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டுக் கேட்கலாம். நடந்துகொண்டே வாசிக்கும் பழக்கம் இல்லையென்றால் கேபிளே நல்லது.

இன்னொரு நண்பர்: எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 58-ஐப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள்.

58-க்குப் போலி ஏராளம். அசல் 298 கிராம் இருக்கும். தராசில் வைக்க விடாத கடையில் வாங்காதீர்கள். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது, அங்கீகரிக்கப்பட்ட டீலரின் பில்லும் வேண்டும்.

டெனருக்கு சென்ஹைசர் எம்.டி. 421 தகுமா?

தாராளமாக. 1960-லிருந்து இருக்கும் மாடல். பின்னால் ஐந்து நிலை பாஸ் சுவிட்ச் உண்டு. கிட்டே வைத்து வாசித்தால் அடிச்சத்தம் பொங்கும், அதை மிக்ஸர் வரை போகாமல் அங்கேயே அடக்கலாம். பழைய மாடலை ஸ்டாண்டில் மாட்டும் கிளிப் மட்டும் சனியன்: பட்டனில் கை பட்டால் மைக் கழன்று விழும். ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

சவுண்ட்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்? "கொஞ்சம் இனிமையாக வையுங்கள்" என்றால் ரிவர்ப்பைத்தான் (எதிரொலியை) ஏற்றுகிறார்.

எண்ணாகச் சொல்லுங்கள். ஆல்டோவின் அடி ஸ்வரம் சுமார் 139 ஹெர்ட்ஸ், டெனருக்கு 104. ஆகவே ஆல்டோவுக்கு 100-க்குக் கீழேயும் டெனருக்கு 80-க்குக் கீழேயும் வெட்டச் சொன்னால் உங்கள் சத்தம் எதுவும் போகாது, மேடை உறுமல் மட்டும் போகும். காதைக் குத்தினால் 2,500-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் இரண்டு மூன்று டெசிபல் இறக்கட்டும். மானிட்டர் (உங்களுக்குக் கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர்) விசிலடித்தால் உடனே ஈக்வலைசரைத் தொட வேண்டாம், முதலில் மானிட்டரை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் 57 அல்லது 58 இருந்தால் மானிட்டர் அதன் நேர் பின்னால் இருக்கட்டும்; 4099 போல இல்லாமல் இவற்றுக்குக் காது மந்தமான இடம் அதுதான்.

ஃபாண்டம் பவர் போட்டிருக்கும்போது 58-ஐச் செருகினால் கெட்டுவிடுமா?

கேபிள் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. செருகும்போது சேனலை மியூட்டில் வையுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் படார் என்று அடிக்கும். பழைய ரிப்பன் மைக் (உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ள வகை) யாரிடமாவது இருந்தால் மட்டும் ஃபாண்டமை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.