12.84 விநாடியும் இரண்டு பிறந்த தேதிகளும்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தை 12.84 விநாடியில் முடித்து முதலிடம் பெற்றிருக்கிறாள். "இந்த நேரத்தை வைத்து இளையோர் தேசியப் போட்டிக்கு நேரடியாகப் போக முடியுமா? பிறப்புச் சான்றிதழில் 14 ஜனவரி 2012 என்று இருக்கிறது. பள்ளியில் 5 ஜூன் 2011 என்று பதிந்திருக்கிறார்கள். இதனால் சிக்கல் வருமா? இவளுடைய அண்ணன் ஈட்டி எறிகிறான், வயது 17. அவன் எந்த எடை ஈட்டியில் பயிற்சி செய்ய வேண்டும்? மகள் வெறுங்காலில்தான் ஓடிப் பழகியிருக்கிறாள், பெரிய போட்டிகளில் அதற்கு அனுமதி உண்டா?" இவை அவருடைய கேள்விகள்.

நேரத்தைப் பற்றி அவர் முதலில் கேட்டிருக்கிறார். நான் தேதியிலிருந்து தொடங்குகிறேன். நேரத்தை அடுத்த வாரமே குறைத்துவிடலாம். தேதியைத் திருத்தச் சில மாதங்கள் பிடிக்கும்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவது நம் பக்கத்துப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருக்கும் பதிவேடுகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். தடகளத்தில் அது சிரிப்புக்குரிய விஷயம் அல்ல. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 16 அல்லது 17 வயது உள்ளவரே 18 வயதுக்குட்பட்டோர் பிரிவு. 18 அல்லது 19 என்றால் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவு. 2011-இல் பிறந்தவளுக்கு 18 வயதுப் பிரிவின் கடைசி ஆண்டு 2028. 2012-இல் பிறந்தவளுக்கு அது 2029. 20 வயதுப் பிரிவிலும் இப்படியே 2030, 2031. ஆக, பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் தேதி அப்படியே தங்கிவிட்டால், உங்கள் மகள் ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆண்டை முழுதாக இழக்கிறாள். வளரும் வயதில் அந்த ஓராண்டில் அரை விநாடி குறைவதும் உண்டு.

வயதைக் குறைத்துக் காட்டி ஓட வைப்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கடற்கரை ஊர்களில், வயது கூடுதலாகப் பதிவாகி வாய்ப்பை இழக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச ஆளில்லை.

என்ன செய்வது? பிறப்பு உரிய காலத்தில், அதாவது 21 நாள்களுக்குள் பதிவாகியிருந்தால், அந்தச் சான்றிதழே உங்கள் பக்கத்தின் வலுவான ஆவணம். அதில் மகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. அடுத்து, அந்தச் சான்றிதழை இணைத்துத் தலைமையாசிரியரிடம் தேதித் திருத்த மனு கொடுங்கள். அது அவர் வழியாகக் கல்வித் துறைக்குப் போகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் இது முடிய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஒரு தேதி அச்சாகிவிட்ட பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. ஆதாரில் எந்தத் தேதி இருக்கிறது என்றும் பாருங்கள். பிறந்த தேதியை அங்கே பொதுவாக ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். அரைகுறை ஆவணத்தோடு போய் அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

இவை ஒத்துப்போன பிறகே இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து அடையாள எண் வாங்குங்கள். கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க அந்த எண் வேண்டும். ஒரு முறை தவறான தேதியோடு பதிந்துவிட்டுப் பிறகு திருத்தக் கேட்டால், உண்மையைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது; அந்த அளவுக்கு ஏமாற்று நடந்திருக்கிறது. இடது கை, மணிக்கட்டு எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ.3 முறை வந்ததே அதனால்தான். அந்த முறையில் பெண்களுக்கு 15 வயதிலும் ஆண்களுக்கு 16.5 வயதிலும் எலும்பு முதிர்ச்சி நிறைவடைந்துவிடுகிறது. ஆகவே 14, 16 வயதுப் பிரிவுகளுக்கே அது பொருந்தும். உங்கள் மகளை அந்தச் சோதனைக்கு அழைத்தால் பயப்பட எதுவும் இல்லை.

இனி, எந்த வழியாகப் போவது என்பது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதன்பின் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி என்று மேலே போவது பள்ளி வழி. அங்கே வயதுப் பிரிவுகள் 14, 17, 19. மாவட்டத் தடகளச் சங்கம், தமிழ்நாடு தடகளச் சங்கம், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு என்று போவது சங்க வழி. அங்கே பிரிவுகள் 14, 16, 18, 20. முதலமைச்சர் கோப்பை இரண்டிலும் சேராத தனி வழி. அதை நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். ஒன்றில் முதலிடம் பெற்றால் இன்னொன்றில் தானாக இடம் கிடைக்காது. குறுவட்டத்தில் வென்ற உங்கள் மகளுக்கு வருவாய் மாவட்டப் போட்டியில் ஓட இடம் உண்டு. நீங்கள் கேட்கும் இளையோர் தேசியப் போட்டி கூட்டமைப்பு நடத்துவது. அதற்கு இந்த வெற்றி கணக்கில் வராது. அந்த வழிக்கு மாவட்டச் சங்கத்தின் தேர்வுப் போட்டியில் தனியாக ஓடியாக வேண்டும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பள்ளி வழியைப் பார்த்துக்கொள்வார். சங்கப் போட்டியின் அறிவிப்பை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இளையோர் தேசியப் போட்டி என்பது 18 வயதுப் பிரிவு. மேலே சொன்ன கணக்கில் உங்கள் மகள் அதற்கு இன்னும் சிறியவள்; அவசரப்பட வேண்டாம். இந்த வயதுக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் ஒன்று இருக்கிறது: மாவட்டங்களுக்கு இடையேயான தேசிய ஜூனியர் தடகளப் போட்டி. 14, 16 வயதுக்குட்பட்டோருக்கானது. அங்கே அணி என்பது மாநிலம் அல்ல, மாவட்டம். சென்னை, கோவை வீராங்கனைகளை மாநிலப் போட்டியில் வென்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை; ராமநாதபுரம் தனி அணியாகவே போகலாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதிக்குள் பிறந்தவர்கள் என்பதைக் கூட்டமைப்பு ஒவ்வொரு போட்டியின் சுற்றறிக்கையிலும் தெளிவாகப் போடும். மேல் வரம்பு மட்டுமல்ல, கீழ் வரம்பும் இருக்கும். மிகவும் சிறியவர்களும் சேர முடியாது. சென்ற ஆண்டு சுற்றறிக்கையை வைத்து இந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள்.

இப்போது அந்த 12.84. அதை அளந்தது கைக்கடிகாரம், அதாவது ஸ்டாப் வாட்ச். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்தும்போது ஒரு நொடித்துளி தாமதமாகிறது. முடிவுக் கோட்டில் ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாமதம் இருப்பதில்லை. அதனால் கையில் எடுத்த நேரம் எப்போதும் ஓடுபவருக்குச் சாதகம். விதிப்படி அதை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்த வேண்டும்: 12.84 என்பது 12.9. அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 கூட்டுவது வழக்கம்: 13.14. உங்கள் மகள் ஓடிய ஓட்டத்தின் உண்மையான மதிப்பு இதுதான். 14 வயதில், மண் தடத்தில், வெறுங்காலில் இது நல்ல ஓட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் 18 வயதுப் பிரிவில் தேசியப் பதக்கத்துக்குப் போட்டியிடும் பெண்கள் 12 விநாடியை ஒட்டி ஓடுகிறார்கள். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு உழைப்பது நல்லது. சர்வதேசப் போட்டிகளின் தகுதித் தரத்துக்கு, அதாவது உள்ளே நுழைய எட்ட வேண்டிய நேரத்துக்கு, குறுந்தூர ஓட்டங்களில் மின்னணு நேரத்தை மட்டுமே ஏற்பார்கள்; கைக்கடிகார நேரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது.

காற்று பற்றி நீங்கள் கேட்கவில்லை. நம் கரைக்காரர்கள் யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். 100, 200 மீட்டர், 100, 110 மீட்டர் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றில் முதுகுப் பக்கமிருந்து வரும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரமோ தூரமோ சாதனைக்குச் சேராது. காற்று வரம்பு குறிப்பிட்ட தகுதித் தரத்துக்கும் சேராது. 100 மீட்டருக்கு, முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானியை வைத்து, ஓட்டம் தொடங்கியதிலிருந்து 10 விநாடி அளப்பார்கள். 2.0 என்ற காற்றே ஏறக்குறைய 0.1 விநாடியைக் குறைத்துக் கொடுத்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு கடற்கரைத் திடலில் 2 மீட்டர் என்பது பேச்சுக்கே ஆகாத காற்று. காற்றுமானி இல்லாத போட்டியில் எடுத்த நேரத்தை நம்பி பிள்ளைக்கு ஆசை காட்டக் கூடாது. எதிர்க்காற்றில் ஓடி நேரம் கூடிப்போனதை நினைத்து அழுகிற பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இதில் பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. காற்று அதிகம் என்று நேரம் தள்ளுபடியானாலும், அந்த ஓட்டத்தில் பெற்ற இடம் செல்லும். பதக்கமும் செல்லும். முதல் சில இடங்களை வைத்து அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் போட்டியில் காற்று உங்களை வெளியேற்றாது. தகுதித் தரம் கேட்கும் போட்டியில் வெளியேற்றும். ஆகவே சுற்றறிக்கையில் "இடம்" கேட்கிறார்களா, "தரம்" கேட்கிறார்களா, இரண்டுமா என்று பார்ப்பது முக்கியம். தரம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் போன்ற செயற்கைத் தடத்தில், மின்னணுக் கருவியும் காற்றுமானியும் வைத்து நடக்கும், சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஓட வையுங்கள். பஸ் செலவு வீணாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் கையில் பணம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்கும் என்று தெரியும். ஆவண வேலைகளையெல்லாம் அந்த நாள்களில் முடித்துக்கொள்ளலாம்.

400 மீட்டருக்குக் காற்று விதி கிடையாது. அவளை அந்தத் தூரத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். 14 வயதில் ஒரே தூரத்தில் கட்டிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. நீளம் தாண்டவும் கற்கட்டும். மதுரையைச் சேர்ந்த செல்வ பிரபு 2022-இல் கொலம்பியாவின் கலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மும்முறை தாண்டுதலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். நம் வட்டாரத்துக்குத் தாண்டும் போட்டிகள் புதிதல்ல.

அண்ணனுக்கு: 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு ஈட்டி 700 கிராம், 20 வயதுப் பிரிவிலிருந்து 800 கிராம். 700 கிராமில் எறிந்த தூரம் 20 வயதுப் பிரிவின் தகுதிக்கு எடுபடாது. நீரஜ் சோப்ரா 2016-இல் போலந்தில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் எறிந்த 86.48 மீட்டர், 800 கிராம் ஈட்டியில் எறிந்தது. இந்த ஆண்டு டிசம்பர் 31 அன்றும் 17 வயதுதான் என்றால், பையன் போட்டிக்கு 700-ஐ வைத்துக்கொண்டு, பயிற்சியில் 800-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும். திடீரென்று மாறினால் முழங்கைதான் பலியாகும்.

இருவருக்கும் பொதுவாக இரண்டு செய்திகள். சளி, காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் போட்டி நாளில் வரம்புக்கு மேல் இருக்கக் கூடாத சூடோஎபிட்ரின் இருக்கிறது. ஊக்கமருந்து விதிகள் சிறுவர்களுக்கும் பொருந்தும். விளையாட்டு வீரர் என்று சொல்லி மருத்துவரிடமே மருந்து வாங்குங்கள். அடுத்தது, வருவதாக இறுதி உறுதி கொடுத்த போட்டியில் தக்க காரணமின்றிக் கலந்துகொள்ளாமல் விட்டால், அதே போட்டித்தொடரில் மற்றவற்றிலிருந்தும் நீக்குவார்கள். 100 மீட்டர் காலை எட்டு மணிக்கு இருக்கும்போது ராமேஸ்வரம் தீவிலிருந்து முதல் பஸ்ஸை நம்பிப் புறப்பட்டு, ஓட்டத்துக்கு முன் ஆஜராக வேண்டிய அழைப்பு அறைக்குத் தாமதமாகப் போய், மாலையில் ஓட வேண்டிய 200 மீட்டரையும் இழக்க நேரலாம். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

வெறுங்கால்: விதி அனுமதிக்கிறது. இரண்டு காலிலும் காலணி இல்லாமல் ஓடலாம்; ஒரு காலில் மட்டும் அணிந்தும் ஓடலாம். ஆனால் வெயிலில் காய்ந்த செயற்கைத் தடம் மணலைப் போல் இருக்காது, பாதம் கொப்பளித்துவிடும். ஸ்பைக் காலணி வாங்கினால், ஒரு காலணிக்கு 11 ஆணிகளுக்கு மேல் கூடாது. செயற்கைத் தடத்தில் ஓட்டங்களுக்கு ஆணி நீளம் 9 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 400 மீட்டர் வரை குனிந்த தொடக்கமும் ஸ்டார்ட்டிங் பிளாக்கும் (பாதத்தை ஊன்றிப் புறப்படும் கட்டை) கட்டாயம். ஒரே ஒரு தவறான தொடக்கம் போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள். கடற்கரையில் நின்றபடியே புறப்பட்டுப் பழகியவளுக்குக் காலணியைவிட இதில்தான் பயிற்சி அதிகம் வேண்டும். பள்ளியில் பிளாக் இல்லையென்றால், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் வார இறுதியில் பயிற்சி செய்ய முடியுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள்.