அம்மாவின் கணக்கில் மினிமம் பேலன்ஸ் பிடித்தம்
நூறு நாள் வேலைக் கூலி வரும் அம்மாவின் கணக்கில், மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பணம் பிடிக்கிறார்கள் என்கிறீர்கள். கூலிக் காசில் கைவைப்பது அநியாயம், விடாதீர்கள். கிளைக்குப் போய், இதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதில் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை, மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் அம்மாவுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் மட்டும் அதை மூட வேண்டும்.

அப்புறம், அபராதம் போடும் முன் தகவல் சொல்லி ஒரு மாதமாவது அவகாசம் தந்திருக்க வேண்டும். தரவில்லை என்றால் பிடித்ததைத் திருப்பிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லையா, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், செலவில்லை, வழி கேட்க 14448-க்கு அழையுங்கள்.