அதிர்வைத் தாங்க ஸ்பிரிங் போதாதா, ரப்பரும் ஃபோமும் எதற்கு?

போதாது. ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தந்துவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்துபோன பைக், ஒரே பள்ளத்துக்கு நாலு தடவை குதிப்பது அதனால்தான். நல்ல ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கும்போது அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். ரப்பர் இதைத் தனக்குள்ளேயே செய்கிறது. எஞ்சின் மவுண்ட், வாஷிங் மெஷின் கால் எல்லாம் அந்த வகைதான்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோலும் ஃபோம்தான், ஆனால் வேறு ரகம். அது நசுங்கித்தான் தலையைக் காக்கும், நசுங்கியது மீளாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள் (நம்மில் பலர் மாற்றுவதில்லை).

பெரிய அளவில் என்றால், குஜராத்தின் பூஜ் மருத்துவமனை. 2001 நிலநடுக்கத்தில் இடிந்தபின், நடுவில் ஈயம் வைத்த ரப்பர் தாங்கிகள் மேல் மறுபடி கட்டினார்கள். நிலம் ஆடினால் ரப்பர் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும், ஈயம் நெளிந்து ஆற்றலைத் தின்றுவிடும்.