நாலடிச் செடித்தொட்டி: பணம் கட்டும் முன்

கேள்வி: சிங்கப்பூரில், பொங்கோலில் நாலறை வீடு. வரவேற்பறையில் செடிகள் நிறைந்த பெரிய மீன்தொட்டி வைக்க ஆசை. ஒரு கடையில் 120 செண்டிமீட்டர் நீளத் தொட்டி, அலமாரி, விளக்கு, ஃபில்டர், ஹீட்டர், மண், செடி, 30 மீன் எல்லாம் சேர்த்து 'ஃபுல் செட்' 2,400 வெள்ளி என்கிறார்கள். இந்த வாரமே முழுப் பணமும் கட்டினால் 200 வெள்ளி குறைப்பார்களாம். தொட்டி வந்த மறுநாளே மீன் விடலாம் என்றும் சொன்னார்கள். சென்னையில் அப்பா இரண்டடித் தொட்டி வைத்திருந்தார்; அதைப் பார்த்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லை. கட்டலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம். வருடம் முழுக்கத் தண்ணீர் 28, 29 டிகிரியில் நிற்கும் ஊரில் ஹீட்டரைச் சேர்த்து விற்கிறார்கள் என்றால், அந்தப் பட்டியல் உங்களுக்காகப் போடப்பட்டதல்ல. மறுநாளே 30 மீன் என்பது அதைவிட மோசம்.

முதலில் எடை. 120க்கு 45க்கு 45 செண்டிமீட்டர் தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். மண்ணும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் தண்ணீர் மட்டும் 200 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 50 கிலோ. மண், கல், கட்டை, அலமாரி சேர்த்தால் மொத்தம் 350 கிலோவைத் தொடும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பரவலான சுமை என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். உங்கள் தொட்டி உட்காரும் இடமோ அரைச் சதுர மீட்டர்தான். அதற்காகத் தளம் உடனே இடிந்துவிடாது; அந்தக் கணக்கு அறை முழுவதற்கும் பரவியது. ஆனால் அறை நடுவில் வைக்காதீர்கள். உத்திரம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாக்கில், நாலு ஒல்லிக் கால் இல்லாத, அடிப்பாகம் முழுவதும் தரையில் படியும் அலமாரியில் வையுங்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் இரண்டடி அகலம், இரண்டடி உயரம் தருகிறேன்" என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். அது 600 கிலோவைத் தாண்டும். அந்த அளவுக்குப் போவதென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடமோ ஒரு பொறியாளரிடமோ கேட்ட பிறகுதான்.

அடுத்தது பணம் எங்கே போக வேண்டும் என்பது. செடித்தொட்டியின் தலையெழுத்தை மூன்று பொருள்கள் எழுதுகின்றன: விளக்கு, கரியமில வாயு, ஃபில்டர். 'ஃபுல் செட்' பட்டியல்களில் இந்த மூன்றில்தான் கை வைப்பார்கள். உங்கள் பட்டியலில் வாயு பற்றிப் பேச்சே இல்லை, கவனித்தீர்களா? தரையில் புல்வெளி போலப் படரும் செடி வேண்டுமென்றால் வாயு உருளை, அதன் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், டைமரில் வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு மூன்றும் தேவை. விளக்கு எரிய ஒரு மணி நேரம் முன்பு வாயு தொடங்க வேண்டும், விளக்கோடு நிற்க வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாமென்றால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வகைச் செடிகள் போதும். வாயு இல்லாமலும், நம் சூட்டிலும் தாக்குப்பிடிப்பவை. உண்மையைச் சொன்னால் முதல் தொட்டிக்கு இவைதான் என் தேர்வு. வாயுவுக்கான செலவு முழுதும் மிச்சம்.

விளக்கு செடிக்கென்று செய்ததா, மீனின் நிறத்தைத் தூக்கிக் காட்டச் செய்ததா என்று கேளுங்கள். எதுவானாலும் முதல் மாதம் ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள். மிஞ்சிய வெளிச்சம் பாசிக்குத்தான் தீனி. ஃபில்டர், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகையாக, மணிக்கு 1,200 லிட்டருக்குக் குறையாமல் தள்ளுவதாக இருக்கட்டும்.

மண்ணுக்கு வருவோம். அக்வாசாயில் என்று விற்கும் சத்து மண் பல, தண்ணீரில் போட்ட முதல் சில வாரங்களில் அம்மோனியாவை வெளியிடும். செடிக்கு அது உரம், மீனுக்கு விஷம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை செடி மட்டும்தான். ஒரு திரவச் சோதனைப் பெட்டி வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஐந்தாறு மீனில் தொடங்குங்கள். ஆகவே அந்த 30 மீனைப் பட்டியலிலிருந்து அடித்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கார்டினல் டெட்ரா நம் சூட்டுக்குச் சரிப்படும். ஹார்லிகுவின் ரஸ்போரா இந்த மண்ணுக்கே உரிய மீன். கூட்டமாக விட்டால் அழகு.

அப்பாவிடம் கற்ற ஒன்றை மட்டும் இங்கே மறக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது அங்கே செல்லுபடியாகியிருக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். ராத்திரி முழுக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் குளோரமினைச் சமாளிக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தை ஊற்றியே ஆக வேண்டும்.

மாதச் செலவையும் பார்த்துவிடுங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், 100 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிய மாதம் 7 வெள்ளி, 25 வாட் ஃபில்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓட 5 வெள்ளி சொச்சம். வாரம் 100 லிட்டர் மாற்றினாலும் தண்ணீருக்கு இரண்டு வெள்ளியைத் தாண்டாது.

பேரம் படிந்தால் சிறிய முன்பணம் மட்டும் கொடுங்கள். கண்ணாடியின் கனம், ஃபில்டர், விளக்கு இவற்றின் மாடல் பெயர், வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம், ஒட்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம் எல்லாம் பில்லில் எழுத்தில் வரட்டும். அதற்கு முன் மீன்கடைகள் இருக்கும் சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் ஒரு சனிக்கிழமை போய், இதே பொருள்களைத் தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள். அந்த 200 வெள்ளித் தள்ளுபடியின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: செடித்தொட்டிக்கு சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம், கட்டாயம் என்கிறார்கள். மூன்றடித் தொட்டி, ஜூரோங் வெஸ்ட். விசிறி போதாதா?

பதில்: கிரிஸ்டல் ரெட் இறால் வளர்ப்பதாக இருந்தால் சில்லர் வேண்டும், அவற்றுக்கு 25 டிகிரிக்குள் வேண்டும். இல்லையென்றால் விசிறியே போதும். தண்ணீரை ஆவியாக்கி 2, 3 டிகிரி குறைக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் சில நாள் அதுவும் குறையலாம். தண்ணீர் மட்டம் இறங்குவதால் இரண்டு நாளுக்கொரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை உங்கள் அறையில்தான் கொட்டுகிறது. கதவு மூடிய அலமாரிக்குள் அதை வைத்தால் சூடேறிச் சூடேறி ஓடிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறும்.

கேள்வி: உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் வாங்கிய வாயு ரெகுலேட்டர் இரண்டே மாதத்தில் கசிகிறது. மூன்று நாளில் உருளை காலி. "மின்சாதனம் மாற்றித் தரப்படாது" என்று ரசீதிலேயே இருக்கிறதாம்.

பதில்: முதலில் உருளையும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அங்கே குமிழ் வந்தால் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். சில காசு வேலை. குமிழ் ரெகுலேட்டரின் உடம்பிலிருந்தோ சோலனாய்டிலிருந்தோ வந்தால் அதைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ரசீதில் என்ன அச்சடித்தாலும் 2012 செப்டம்பர் முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்தது என்றுதான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அவர் முதலில் பழுது பார்க்கலாம், அல்லது மாற்றித் தரலாம். நியாயமான காலத்தில் இரண்டும் நடக்கவில்லை என்றால் விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். நீங்கள் கீழே போட்டு உடைத்ததற்கு இது பொருந்தாது. மசியவில்லையா? கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கேரசல் இணையத்தளத்தில் ஒருவர் நாலடித் தொட்டியை 80 வெள்ளிக்குத் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: அவர் வியாபாரி அல்ல, வீட்டுப் பழசை விற்பவர் என்றால் மேலே சொன்ன சட்டம் கைகொடுக்காது. அதனால் அவர் வீட்டில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மூலைகளில் சிலிகான் ஒட்டு உரிந்தோ, உள்ளே காற்றுக் குமிழோடோ இருந்தால் விட்டுவிடுங்கள். காலியாகக் கிடக்கும் தொட்டி என்றால், வாங்கிய பிறகு மட்டமான தரையில் நுரை விரிப்பின் மேல் வைத்து இரண்டு நாள் நிரப்பி வையுங்கள். குளியலறையில் வேண்டாம். அங்கே தரை சரிவாக இருக்கும், கண்ணாடி அடியில் விரிசல் விடலாம். வீவகவின் தீக்காப்புறுதி வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பேற்காது. தனியாக வீட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால், தொட்டி உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் அது கொடுக்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.